வெள்ளிக்கிழமைத் தாள்: வெளியுறவு அமைச்சரின் நாடாளுமன்றப் பதில்கள் நெல்லைச் சீமைக்கு எவ்வளவு உதவும்?

பதில் தாளைக் கையில் எடுத்ததும் முதல் வரியைப் பாருங்கள். '(அ) முதல் (உ) வரை' என்று தொடங்கினால் பாதி ஏமாற்றம் அங்கேயே முடிந்துவிட்டது. உறுப்பினர் ஐந்து உட்பிரிவாகப் பிரித்துக் கேட்டிருப்பார்: எத்தனை பேர், எந்த மாநிலத்தார், எந்த நாட்டுச் சிறை, எவ்வளவு செலவு, ஏன் தாமதம். அமைச்சகம் ஐந்தையும் ஒரே சாக்கில் போட்டு வாயைத் தைத்து அனுப்பிவிடும். எண்ணிக்கை இருக்கும், 'ஏன் தாமதம்' மட்டும் சாக்குக்குள் காணாமல் போயிருக்கும். அதுவே '(அ)', '(ஆ) மற்றும் (இ)', '(ஈ)' என்று பிரிந்து வந்தால் அந்தத் தாளை அச்செடுத்து வைக்கலாம். ஒரு நாள் உதவும்.

வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுக்கும் பதில்களை ஒரு சேவையாக எடைபோடுவதுதான் இங்கே நோக்கம். சேவை என்று சொல்லலாமா என்றால் தாராளமாகச் சொல்லலாம். காசு கிடையாது, கடவுச்சொல் கிடையாது, கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் மக்களவையில் வெள்ளிக்கிழமையும் மாநிலங்களவையில் வியாழக்கிழமையும் புதுச் சரக்கு வந்து இறங்கும். மேலப்பாளையத்திலும் ஏர்வாடியிலும் வளைகுடாவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள், உவரி, கூத்தன்குழி, இடிந்தகரைக் கரைகளில் ஈரான், பஹ்ரைன் படகுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகள், மாவட்டத்து இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்பவர்கள், எல்லாருக்கும் சம்பந்தமுள்ள காகிதம் இது. படிப்பவர்கள் குறைவு. தமிழில் வராதது முதல் காரணம். ஆங்கிலமும் இந்தியும் மட்டும்தான்.

எங்கே கிடைக்கும்? இரண்டு இடம். முதலாவது நாடாளுமன்றத்தின் சொந்தத் தளமான சன்சத் டாட் இன். மக்களவைக்குள் போய், கேள்விகள் பகுதியில் எத்தனையாவது மக்களவை, எந்தக் கூட்டத்தொடர், எந்த அமைச்சகம் என்று வடிகட்டினால் பிடிஎஃப் கிடைக்கும். இரண்டாவது வெளியுறவு அமைச்சகத்தின் தளம். அங்கே நாடாளுமன்றக் கேள்வி பதிலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. கைப்பேசியில் படிக்க இது வசதி, ஏனென்றால் பதில் வலைப்பக்கமாகவே திறக்கிறது. இணைப்பு அட்டவணை வேண்டுமானால் சன்சத் தளம்தான். சில அட்டவணைகள் ஸ்கேன் செய்த படமாக ஏற்றப்பட்டிருக்கும். அவற்றில் தேடல் வேலை செய்யாது, கண்ணால்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தேடும்போது நாம் பேசும் சொல்லைப் போட்டால் ஒன்றும் வராது. இறந்தவர் உடல் பற்றிய பதில்கள் 'மார்ட்டல் ரிமெய்ன்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும். 'டெட் பாடி' என்று தேடாதீர்கள். சிறை என்றால் 'இண்டியன்ஸ் இன் ஃபாரின் ஜெயில்ஸ்', 'பிரிசன்ஸ்' இரண்டையும் போடுங்கள். ஏஜென்ட் மோசடிக்கு 'ஃபேக் ரெக்ரூட்மென்ட்', 'இல்லீகல் ஏஜென்ட்ஸ்'. மீனவர் என்றால் 'ஃபிஷர்மென்', அண்மைய தாள்களில் 'ஃபிஷர்ஸ்' என்றும் வரும். எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்க்கச் சலிக்கக் கூடாது.

நட்சத்திரம் இருப்பதும் இல்லாததும்

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு நட்சத்திரக் குறி, 230 கேள்விகளுக்குக் குறி கிடையாது. மாநிலங்களவையில் இது 15, 160. குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி போடலாம். அச்சில் இந்தப் பட்டியல் பச்சைத் தாளிலும் மற்றது வெள்ளைத் தாளிலும் வரும். ஒரு மணி நேரத்தில் 20-ம் எட்டுவது மிக அரிது. அவைக்குள் கூச்சல் வந்துவிட்டால் ஒன்றுகூட நடக்காது. எட்டாதவை எழுத்துப் பதிலாகவே போய்விடும்.

தொலைக்காட்சியில் பார்க்க நட்சத்திரம்தான் நன்றாக இருக்கும். ஊருக்கு ஆகக்கூடியது பெரும்பாலும் வெள்ளைத் தாள்தான். நாடுவாரி, வருடவாரி, மாநிலவாரி அட்டவணை வேண்டும் என்று கேட்பதற்கு ஏற்ற இடம் அது. இதில் இணை அமைச்சர் பெயரில் பதில் வரும், ஜெய்சங்கர் பெயரில் அல்ல. அதனால் மதிப்புக் குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவையில் வைக்கப்பட்ட பதில் யார் கையெழுத்தில் வந்தாலும் அரசின் பதில்தான்.

அவசரப் பொது விஷயங்களை எழுப்பும் பூஜ்ய நேரத்தில் எம்.பி. நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசும் காணொளிகள் வாட்ஸ்அப்பில் சுற்றும். பார்த்து மகிழலாம். அதற்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மக்களவை விதி 377-ன் கீழ் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்தால் பின்னால் எழுத்தில் பதில் வரும், மெதுவாக வரும். நாள் குறித்துப் பதில் வாங்கக் கேள்விதான் வழி.

சமாதானப் பதில்கள்: எண் இல்லை, சொல் மட்டும்

வெளிநாட்டுப் போர், அமைதி பற்றிய இந்தப் பதில்களுக்கு 5-க்கு 2 கொடுக்கலாம். அதிலும் ஒன்று, படிக்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும் மதிப்பெண்.

இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒன்றுபட்ட இலங்கைக்குள் தமிழர்களின் சமத்துவம், நீதி, அமைதி, கண்ணியம்' என்ற தொடர் பல வருடமாகப் பதில்களில் உட்கார்ந்திருக்கிறது. இதைத் தனியாகப் படித்தால் ஒன்றும் தெரியாது. பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல் விழுந்தது, எது புதிதாக ஏறியது என்று ஒப்பிட வேண்டும். 2023 ஜூலையில் அப்போதைய இலங்கை அதிபர் ரணில் விக்ரமசிங்க டெல்லி வந்தபோது நம் பிரதமர் இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தத்தைப் பெயர் சொல்லியே பேசினார். 2024 டிசம்பரில் அடுத்த அதிபர் அநுர குமார திசாநாயக்க வந்தபோது 'இலங்கை அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்துவது, மாகாண சபைத் தேர்தல் நடத்துவது' என்று சொன்னார். 13 என்ற எண் வரவில்லை. நாடாளுமன்றப் பதில்களின் வாசகம் இப்படிப்பட்ட உரைகளைத்தான் தொட்டுக்கொண்டு நகரும். ஆகவே அடுத்த பதிலில் '13' திரும்பி வந்ததா என்று பார்ப்பதுதான் சோலி. மற்ற வரிகளைத் தாண்டிப் போகலாம்.

இந்த எண்ணுக்கு ஏன் இவ்வளவு எடை? 1987 ஜூலை 29-ல் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் விளைவாக அந்த வருடமே வந்தது 13-ஆவது திருத்தம்; அதிலிருந்து பிறந்தவை மாகாண சபைகள். 2017-ல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் கொண்டுவந்தார்கள். புது முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018-ல் அந்நாட்டு நாடாளுமன்றமே தள்ளிவிட்டது. பழைய முறையும் இல்லை, புது முறையும் இல்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர் நிர்வாகம்தான். இந்த முடிச்சு தெரியாமல் 'இந்தியா வலியுறுத்துகிறதா' என்று கேட்டால் 'எல்லா மட்டத்திலும் வலியுறுத்தப்படுகிறது' என்று வரும். அது நம் ஊர் அல்வா. வாயில் போட்டதும் கரைந்துவிடும், கையில் நெய் மட்டும் ஒட்டியிருக்கும். 'கடைசியாக எந்தத் தேதியில், எந்த மட்டத்தில் எழுப்பப்பட்டது, எல்லை நிர்ணயச் சிக்கல் குறித்து இலங்கைத் தரப்பு சொன்ன பதில் என்ன' என்று கேட்டால் நழுவுவது கொஞ்சம் கடினம்.

இன்னொரு வழியும் உண்டு: சமாதானத்தைக் கேட்காமல் அதற்காகச் செய்த வேலையைக் கேட்பது. இந்திய வீட்டுத் திட்டத்தில் 50,000 வீடுகள்; அவற்றில் 46,000 வடக்கு கிழக்கில், 4,000 மலையகத் தோட்டங்களில். பிறகு தோட்டங்களுக்கென்று 10,000 கூடுதலாக அறிவித்தார்கள். எத்தனை முடிந்தது, எத்தனை அடித்தளத்தோடு நிற்கிறது என்று கேட்டால் எண்ணோடு பதில் வரும். சொல் கேட்டால் சொல் வரும், செங்கல் கேட்டால் எண் வரும்.

கேள்வியை வடிவமைக்கும்போது மூன்று தடைகளை நினைவில் வைக்க வேண்டும். நட்பு நாட்டை மரியாதைக் குறைவாகக் குறிப்பிடக் கூடாது. கருத்துக் கேட்கக் கூடாது. கடந்தகால வரலாற்றைச் சாதாரணமாகக் கேட்கக் கூடாது. 'இந்தியா ஏன் மௌனம் சாதிக்கிறது' என்று எழுதினால் அவைச் செயலகத்திலேயே அடிபட்டுப் போகும். கச்சத்தீவை 1974-ல் கொடுத்தது சரியா என்று கேட்டாலும் அதே கதி.

காஸா என்றால் 'இரு நாடுத் தீர்வு', உக்ரைன் என்றால் 'பேச்சுவார்த்தையும் ராஜதந்திரமும்'. அதற்கு மேல் அங்கே எடுக்க ஒன்றுமில்லை. ஆனால் உக்ரைன் போரின் ஓரத்தில் ஒரு நல்ல பதில் கிடந்தது. ரஷ்ய ராணுவத்தில் சேர்க்கப்பட்ட இந்தியர் பற்றி 2025 ஜூலையில் சொன்ன கணக்கு: மொத்தம் 127 பேர், பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர் 98 பேர், இன்னும் இருப்பவர் 13 பேர், அந்த 13-ல் 12 பேரைக் காணவில்லை என்று ரஷ்யத் தரப்பு சொல்கிறது. 98-ஐயும் 13-ஐயும் கூட்டினால் 111. மீதி 16 பேர்? பதிலை வாங்கியதும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது இதற்குத்தான். கழித்தால் வரும் எண்ணே அடுத்த கேள்வி.

புலம்பெயர்ந்தோர் பதில்கள்: கணக்கில் யார் வரவில்லை

இவற்றுக்கு 3½. தகவல் நிறைய, கவனமும் நிறைய வேண்டும்.

2025 மார்ச் பதில் ஒன்று: வெளிநாட்டுச் சிறைகளில் விசாரணைக் கைதிகளையும் சேர்த்து 10,152 இந்தியர்கள். சவூதியில் 2,633, ஐக்கிய அரபு அமீரகத்தில் 2,518. மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் 49. இந்தத் தாளில் ஒரு வரி எப்போதும் இருக்கும்: பல நாடுகளின் அந்தரங்கச் சட்டத்தால் கைதி சம்மதிக்காவிட்டால் விவரம் தர மாட்டார்கள். ஆகவே 10,152 என்பது தெரிந்தவர்களின் எண்ணிக்கை. கைதானவர் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சம்மதம் கொடுக்க வேண்டும் என்பதை வெளிநாடு போகும் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள். பயத்தில் பலர் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். அதோடு தூதரகத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.

அடுத்தது, குடியேற்ற அனுமதி எண்கள். வளைகுடாவுக்கு இத்தனை லட்சம் பேர் போனார்கள் என்று பதிலில் வரும் அட்டவணை வெளிநாட்டு வேலைக்குப் போவோரைப் பதியும் அரசின் இ-மைக்ரேட் தளத்திலிருந்து எடுத்தது. 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் போன்றோரின் பாஸ்போர்ட்டில் இசிஆர் (குடியேற்றச் சரிபார்ப்பு தேவை) என்ற முத்திரை இருக்கும். அவர்கள் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போகும்போதுதான் இந்த அனுமதி தேவை. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, ஈராக் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஈரான் இல்லை. ரஷ்யா இல்லை. கம்போடியா, லாவோஸ், மியான்மர் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நெல்லைக் கடற்கரையிலிருந்து ஒப்பந்த மீன்பிடிக்குப் போகிறவர்களில் பலர் ஈரான் படகுகளில்தான் ஏறுகிறார்கள். ஈரான் பட்டியலில் இல்லாததால் இ-மைக்ரேட்டில் பதிவு இல்லை, அனுமதி இல்லை, கட்டாயக் காப்பீடு இல்லை, அமைச்சரின் அட்டவணையில் அவர்கள் இல்லை. 2020 ஜூலை 1 அன்று இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியபோதுதான் எவ்வளவு பெரிய கூட்டம் கணக்கில்லாமல் அங்கே இருந்தது என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரிந்தது. 2024 செப்டம்பரில் இடிந்தகரை மீனவர்கள் 28 பேர் பஹ்ரைன் கடலோரக் காவலிடம் சிக்கினார்கள். ஈரானிலிருந்து புறப்பட்ட படகுகள், எல்லை தாண்டியதாக வழக்கு. ஆறு மாதத் தண்டனை மூன்றாகக் குறைந்து டிசம்பரில் வெளியே வந்தார்கள்.

'தமிழக மீனவர் கைது' என்று பொதுவாகக் கேள்வி போட்டால் வரும் பதில் முழுக்க இலங்கைதான். 2025 மார்ச் 27 அன்று மாநிலங்களவையில் ஜெய்சங்கர் சொன்னது: இலங்கைக் காவலில் 97 பேர், அவர்களில் 83 பேர் தண்டனை அனுபவிப்பவர்கள், 3 பேர் விசாரணைக்குக் காத்திருப்பவர்கள், 11 பேர் அன்றுதான் பிடிபட்டவர்கள். சுருக்கமான, நேர்மையான பதில்; தண்டனை கடுமையானதற்கு இலங்கையின் 2018, 2023 சட்டத் திருத்தங்களே காரணம் என்றும் விளக்கினார். ராமேசுவரம், நாகை விசைப்படகுகளுக்கு அது சரியான பதில். ஃபைபர் வள்ளத்தில் தொழில் செய்து, வருமானம் காணாததால் வளைகுடாக் கடலுக்குப் போகும் கூத்தன்குழிக்காரருக்கு அதில் ஒரு வரி கிடையாது. கேள்வியில் 'ஈரான், பஹ்ரைன், சவூதி, கத்தார் ஆகிய நாடுகளில் ஒப்பந்த அடிப்படையில் மீன்பிடிக்கும்' என்று எழுதினால்தான் பதில் நம் கரைக்கு வரும்.

பதிலில் சொல்லும் திட்டங்கள் நடைமுறையில் எப்படி?

எல்லாத் தாளின் கடைசியிலும் 'மதத்' (MADAD, உதவி) என்ற அரசின் புகார்த் தளம், இ-மைக்ரேட், காப்பீடு, நல நிதி என்று ஒரு பல்லவி வரும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மதத் (2015 பிப்ரவரி முதல்). வெளிநாட்டில் இருப்பவருக்காக வீட்டிலிருந்தே புகார் பதியலாம். மின்னஞ்சல், கைப்பேசி எண், பாதிக்கப்பட்டவரின் பாஸ்போர்ட் எண், நாடு, தூதரகம், புகார் வகை. பதிந்ததும் ஒரு எண் வரும். அது இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். பெரிதாகக் கெட்டுப்போகும் இடம் தூதரகத்தைத் தேர்ந்தெடுப்பது. ஈரான் முதலாளியின் படகு பஹ்ரைன் கடலில் பிடிபட்டால் கைது புகார் மனாமா தூதரகத்துக்குப் போக வேண்டும். அதே ஆளின் பங்குப் பணப் பாக்கி தெஹ்ரானுக்கோ பந்தர் அப்பாஸ் துணைத் தூதரகத்துக்கோ போக வேண்டும். ஒரே புகாரில் இரண்டையும் எழுதினால் ஒன்று கண்டிப்பாக விடுபடும். இரண்டு புகார், இரண்டு எண்.

இன்னொரு சிக்கல், 'சம்பளப் பாக்கி' வகையில் ஒப்பந்த நகல் கேட்பது. மீன்பிடியில் சம்பளம் கிடையாது, பிடித்ததில் பங்கு. எழுத்தில் ஒன்றும் இருக்காது. படகின் பெயர், பதிவு எண், முதலாளி பெயர், கடைசியாகப் பங்கு பிரித்த தேதி, அனுப்பிய பண ரசீது, வாட்ஸ்அப் குரல் பதிவு, இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் ஓரளவு நிற்கும். படகு நங்கூரமிட்டிருக்கும்போதே அதன் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பி வைப்பது நல்ல பழக்கம்.

இறந்தவர் உடல் வருவதற்குத் தேவையானவை பதில்களிலேயே பட்டியலாக உண்டு: மருத்துவமனை அறிக்கை அல்லது இறப்புச் சான்று, விபத்து என்றால் காவல்துறை அறிக்கையும் அதன் மொழிபெயர்ப்பும், வாரிசின் சம்மதக் கடிதம், பாஸ்போர்ட் விசா பக்கங்கள், உடலைப் பதப்படுத்திய சான்று, அந்த நாட்டுக் குடிவரவு சுங்க அனுமதி. இவற்றில் நம் பக்கத்திலிருந்து போவது சம்மதக் கடிதம் ஒன்றுதான்; தாமதத்துக்கு அதுவும் காரணமாகிறது. யார் வாரிசு என்று வீட்டுக்குள் இரண்டு கருத்து இருந்தால் அங்கே சவக்கிடங்கில் நாள் ஏறும். நோட்டரி முன் கையெழுத்து, அடையாள அட்டை நகல், இறங்க வேண்டிய விமான நிலையம், பெற்றுக்கொள்பவர் பெயர், நான்கும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்தார் திருவனந்தபுரம் என்று எழுதுங்கள். சென்னை என்று எழுதிவிட்டு ஆம்புலன்ஸில் இரவெல்லாம் வரவேண்டியதில்லை. அங்கே வேலைக்கு எடுத்த முதலாளியான கஃபீல் செலவை ஏற்காவிட்டால், குடும்பத்தாலும் முடியாது என்றால், தூதரகத்தில் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. 2009-ல் தொடங்கியது, 2017-ல் விதி தளர்ந்தது. தானாக வராது, கேட்டு எழுத வேண்டும்.

காப்பீடு என்பது பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம். மலிவான பாலிசிதான். ஆனால் மாரடைப்பில் போனால் அந்த 10 லட்சம் இல்லை. பதிலில் 'விபத்து' என்ற சொல் இருப்பதை வீட்டார் கவனிப்பதில்லை. பாலிசி எண் பெரும்பாலும் ஏஜென்ட் கையில் இருக்கும். கிளம்பும் முன்பே நகல் வாங்கி வீட்டில் வைக்க வேண்டும்.

இ-மைக்ரேட்: 2024 அக்டோபரில் புதுப்பித்தார்கள், முன்னைவிடப் பரவாயில்லை. ஏஜென்ட்டின் பதிவு எண்ணைப் போட்டு, உரிமம் நடப்பில் இருக்கிறதா, இடைநிறுத்தமா, காலாவதியா என்று பார்க்கலாம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் உச்சமாக 30,000 ரூபாய், 18 சதவீத வரியோடு 35,400. ரசீதில் 30,000, கையில் லட்சக்கணக்கில் ரொக்கம் என்பதுதான் நடப்பு. வழக்கு என்று வரும்போது ரசீதுதான் பேசும். துணை ஏஜென்ட் என்ற ஒன்றே சட்டத்தில் இல்லை. ஊருக்குள் 'நம்ம ஆளுதான்' என்று வீடு தேடி வருகிறவர் பெரிய கம்பெனியின் பெயரைச் சொன்னாலும், அந்தக் கம்பெனியின் பதிவில் இருக்கும் முகவரிக்கு நேரில் போய்க் கேளுங்கள். அறிவிக்கப்பட்ட சட்டவிரோத ஏஜென்ட் பட்டியல் 3,000 பெயரைத் தாண்டியது. அதில் பெயர் இல்லை என்பதற்காக ஒருவர் யோக்கியர் ஆகிவிட மாட்டார், இன்னும் புகார் வரவில்லை என்று மட்டும்தான் அர்த்தம்.

எல்லாப் பூட்டையும் திறக்கும் சாவி விசிட் விசா. இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை விசிட் விசாவில் ஏற்றி, அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். ஏறிய அந்த நிமிடமே இ-மைக்ரேட், காப்பீடு, ஒப்பந்தச் சரிபார்ப்பு மூன்றும் கழன்றுவிடும். கம்போடியா, மியான்மர் கணினி வேலை மோசடியில் சிக்கியவர்கள் வேறு ரகம்: படித்த பிள்ளைகள், இசிஆர் முத்திரையே கிடையாது, நாடும் பட்டியலில் இல்லை. 1983 சட்டம் கட்டிய வேலியில் இவர்களுக்கு வாசலே வைக்கவில்லை. புதுச் சட்டத்துக்கு 2019, 2021, 2025 என்று வரைவுகள் கருத்துக்கு விடப்பட்டதை மட்டும் பார்த்திருக்கிறோம்.

அரசு வழியில் போக விரும்புவோருக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. இடங்கள் குறைவு, செவிலியர், ஓட்டுநர் போன்றோருக்கு முயன்று பார்க்கத் தகுதியானது.

நம் கேள்வியை எப்படிக் கொடுப்பது

எம்.பி. அலுவலகத்துக்கு மனுவாக எழுதாதீர்கள். கேள்வியாகவே எழுதிக் கொடுங்கள். 150 சொல்லுக்குள், ஒரே பொருள், நான்கைந்து உட்பிரிவு, ஆங்கிலத்தில். நம் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்பதில்லை. மாநிலங்களவை உறுப்பினரும் கேட்கலாம். நெல்லை, தூத்துக்குடி, தென்காசி மூன்று தொகுதிக்கும் கொடுத்தால் குலுக்கலில் ஒன்றாவது விழ வாய்ப்புக் கூடும், ஏனென்றால் முன்னுரிமை குலுக்கல் முறையில்தான். பதில் நாளுக்குக் குறைந்தது 15 முழு நாள் முன்னதாக அறிவிப்புப் போய்ச் சேர வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடினால் முதல் இரண்டு வாரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆளின் பெயரைக் கேள்வியில் போட வேண்டாம். அந்தரங்கம் என்று தள்ளிவிடுவார்கள், அதற்கு மதத் இருக்கிறது. கேள்வியில் போக வேண்டியது இப்படி இருக்கலாம்:

(அ) ஈரான், பஹ்ரைன், கத்தார், சவூதி படகுகளில் பணிபுரியும் தமிழக மீனவர் விவரம் தூதரகங்களிடம் உள்ளதா. இருப்பின் நாடுவாரி எண்ணிக்கை என்ன. (ஆ) கடந்த ஐந்து வருடத்தில் கடல் எல்லை தாண்டியதாகக் கைதானவர், விடுதலையானவர், இன்னும் சிறையில் இருப்பவர் எத்தனை பேர், வருடவாரியாக. (இ) இவர்களுக்காக நல நிதியிலிருந்து செலவான தொகை தூதரகவாரியாக என்ன. (ஈ) ஈரானை இசிஆர் பட்டியலில் சேர்க்கும் கருத்துரு ஏதும் பரிசீலனையில் உள்ளதா. (உ) இல்லையெனில் அதற்கான காரணங்கள் என்ன?

(உ) பிரிவைக் கடைசியில் தனியாக வைப்பதில் ஒரு காரணம் உண்டு. (ஈ)-க்கு 'இல்லை' என்று வந்தால் காரணம் எழுதியாக வேண்டும். எழுதாமல் சாக்கில் கட்டினால் அது தாளிலேயே தெரியும், அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பதில் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி கேட்கலாம். 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்' என்று வந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். அந்த வாசகம் அரசின் உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு என்று தனிக் குழுவே இருக்கிறது. பதில் எண்ணையும் தேதியையும் எழுதிவைத்து, தொண்ணூறாவது நாள் எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.